மூத்த மாப்பிள்ளையின் காலடி மண்

சகலைக்கும் சகலைக்கும் ஆகாது என்பது உலகம் அறிந்த சங்கதி. ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு இரண்டு பேரையும் ஒரே தராசில் ஏற்றி, ஆயுசு முழுக்க நிறுத்துக்கொண்டே இருப்பார்கள். சதாசிவம் அந்தத் தராசில் ஏறி ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைய தேதிவரை அவன் தட்டு ஒரு தடவைகூடத் தாழ்ந்ததில்லை.

அவன் மூத்தவள் மஹதியைக் கட்டியவன். கடல் தாண்டிப் பிழைக்க வந்த ஊரில், ஈஸ்ட் டாமாக்கி பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை இரும்புத் துண்டுகளின் துளைக்குள் அளவுக்கம்பியை விட்டுப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போட வேண்டும். ரானுயியில் வாடகை வீடு. இளையவள் அபிதாவைக் கட்டிய மனோஜுக்கு ஐ.டி. உத்தியோகம், கிளென்ஃபீல்டில் சொந்தமாக மாடி வீடு, மாடியில் மாமியாருக்கென்று தனி அறை. மதுரையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திறங்கிய மாமியார் சாந்தகுமாரி எந்த வீட்டில் தங்கினாள் என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

மனோஜ் கெட்டவன் இல்லை. சதாசிவத்துக்குப் பெரிய கஷ்டமே அதுதான். கெட்டவனாக இருந்தால் மனசார வைதுவிட்டுத் தூங்கலாம். இவன் "அண்ணே, அண்ணே" என்று சிரித்த முகமாகவே வருவான். ஆனால் அண்ணன் எதற்காவது ஆசைப்பட்டு வாயைத் திறந்தால் போதும், அடுத்த மாதம் அது தம்பி வீட்டு வாசலில் நிற்கும். அந்த வெள்ளைக் கார் அப்படித்தான் வந்தது. வீடும் அப்படித்தான். விற்பனைக்குத் திறந்துவைத்திருந்த அந்த வீட்டுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா வேடிக்கைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்து இருக்கிறது என்று சகலையிடம் அளந்தவன் சதாசிவம். பால் காய்ச்சினவன் மனோஜ்.

பால் காய்ச்சின அன்றைக்கு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது சாந்தகுமாரிக்கு வேதவாக்கு. விருந்தாளிகள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் வாசலில் குனிந்து, அவர்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்பு, ஷூ ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் துளித் துளி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கண்ணு போட்டவர்களின் காலடி மண்ணை உப்பு மிளகாயோடு சேர்த்துச் சுற்றி நெருப்பில் போட்டால் திருஷ்டி கழிந்துவிடும். மிளகாய் கருகும்போது நெடி ஏறி எல்லோரும் இருமினால் பயமில்லை, கண் ஒன்றும் படவில்லை என்று அர்த்தம். நெடியே வராவிட்டால் யாருடைய கண்ணோ பலமாகப் பட்டிருக்கிறது. கைகழுவ வந்த சதாசிவம் இதைப் பார்த்துவிட்டு, என் ஷூவை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டான். சாந்தகுமாரி பதறிப்போனாள்.

"உங்க காலடி மண்ணை எடுக்கறதாவது. நீங்க இந்தக் குடும்பத்துக்கு மூத்த பிள்ளை மாதிரி. உங்க கண்ணு பட்டா எங்களுக்கு நல்லதுதான் நடக்கும் மாப்பிள்ளை."

அந்தக் கிழக்கு ஜன்னலைப் பார்த்ததிலிருந்து அடிவயிறு காந்திக்கொண்டிருந்தவனுக்கு அந்த வார்த்தை எப்படி இறங்கியிருக்கும். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். அன்றைக்கு மிளகாய் நெடியில் வீடே இருமியது, புகை அலாரம் வேறு ஊளையிட்டது, சாந்தகுமாரிக்கு வாயெல்லாம் பல்.

சரி, மனோஜிடம் இல்லாத ஒன்று சதாசிவத்திடம் இருந்தது. துப்பாக்கிப் பைத்தியம். அதிலும் பழங்காலத்து ரகம். குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடுவது. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரிதான். ஊருக்கு மேற்கே அந்த ரகக்காரர்களுக்கென்று ஒரு கிளப் உண்டு, மாதத்தில் முதல் ஞாயிறு கூடுவார்கள். ஒரு தடவை சுட்டால் மறுபடி சுட இரண்டு நிமிஷம் ஆகும். அந்த நிதானம் சதாசிவத்துக்குப் பிடித்திருந்தது. இரண்டு வருஷமாகக் கிளப் துப்பாக்கியை இரவல் வாங்கியே சுட்டுவந்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் மனோஜும் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தான். பரீட்சைக்குப் படிக்கப் புத்தகம் கொடுத்ததே சதாசிவம்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதில் அவனுக்கு நிகர் அவன்தான்.

செப்டம்பர் கடைசியில் அந்த விளம்பரம் வந்தது. ஹெலன்ஸ்வில் பக்கம் கிரேம் என்ற பெரியவர் வீட்டைக் காலி செய்துவிட்டு முதியோர் குடியிருப்புக்குப் போகிறார், செத்துப்போன அண்ணனின் ரைஃபிளை விற்கிறார். சனிக்கிழமை காலை சதாசிவம் போனான். பெரியவர் அவனுடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, இரும்புப் பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டினார். கையில் வாங்கியதும் சதாசிவத்துக்கு மூச்சே நின்றுவிட்டது.

அது பிறந்தது சாதாரண வேட்டை ரைஃபிளாக, பின்பக்கம் தோட்டாவைப் போட்டு போல்ட்டைத் தள்ளிப் படபடவென்று சுடுகிற ஜாதி. அந்த அண்ணன்காரர் லேத் வேலை தெரிந்தவர். பழைய குழலைக் கழற்றிவிட்டு, புதுக் குழல் பொருத்தி, அதன் பின்வாசலை இரும்பு அடைப்பு ஒன்றால் மரையேற்றி மூடி, நெருப்புப் போக நடுவில் கடுகு நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை வைத்திருந்தார். வேகமாகச் சுடுகிற துப்பாக்கியை மெனக்கெட்டு மெதுவாகச் சுடுகிற துப்பாக்கியாக மாற்றியிருக்கிறான் ஒரு மனுஷன். உலகத்தில் தன்னைப் போல இன்னொரு பைத்தியம் இருந்திருக்கிறது என்று சதாசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மரையில் ஒரு பிசிறு கிடையாது. தொழிற்சாலையில் இப்படி ஒரு துண்டு வந்தால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் போலிருக்கும்.

பெரியவர் தேநீர் போட உள்ளே போனார். துளையைப் பார்த்தால் கம்பியை விடாமல் இருக்க சதாசிவத்தால் முடியாதே, தொழில் புத்தி. கெட்டிக்கிற கம்பியைக் குழலுக்குள் விட்டான். அது நின்றதும் குழல்வாயை ஒட்டிக் கம்பியில் கட்டைவிரலை வைத்து வெளியே இழுத்து, குழலின் மேலேயே கிடத்தி அளந்து பார்த்தான். கம்பி அடிவரை போகவில்லை. இரண்டரை விரற்கடை குறைந்தது.

அதாவது உள்ளே மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே இருந்தன. அண்ணன்காரர் எந்தக் காலத்திலோ கெட்டித்துவிட்டுச் சுடாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் சாகாது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பெரியவர் பயந்துபோய் விற்கவே மாட்டேன் என்று யாரிடமாவது ஒப்படைத்துவிட்டால்? வாங்கிக்கொண்டுபோய் நாமே பக்குவமாக எடுத்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டான். விலை பேசி முடிந்தது. வாங்குகிறேன் என்று மஹதிக்குச் செய்தி அனுப்பினான். உடனே பதில் வந்தது: இன்றைக்குச் சனிக்கிழமை, சனிக்கிழமை யாராவது இரும்பு வாங்குவார்களா, திங்கட்கிழமை வாங்குங்கள்.

சதாசிவம் துப்பாக்கியைப் பார்த்தான், செய்தியைப் பார்த்தான். சனியோடு விளையாட அவனுக்கும் தைரியம் இல்லை. திங்கட்கிழமை வருவதாகப் பெரியவரிடம் சொன்னான். அவர் சரி என்றார், ஆனால் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் என்றும் சொன்னார்.

மறுநாள் மதியம் கிளென்ஃபீல்டில் சாப்பாடு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? மரவேலை, மரை, அந்தக் கடுகு ஓட்டை என்று ரசம் சோறு ஆறும்வரை பேசினான். கம்பி குறைந்ததை மட்டும் சொல்லவில்லை, அது நாளைக்குத் தன் கையால் செய்யப்போகிற வேலை என்று மனதுக்குள் வைத்துக்கொண்டான். மனோஜ் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸாப்பில் படம் வந்தது. கையில் ரைஃபிள், முகத்தில் சிரிப்பு. "அண்ணே சொன்னா தப்பா இருக்குமா, அதான் ஓடிப்போய் வாங்கிட்டேன்" என்று கீழே எழுதியிருந்தான். அபிதா இதயம் போட்டாள். சாந்தகுமாரி குரல் செய்தி அனுப்பினாள்: சின்ன மாப்பிள்ளை எதைத் தொட்டாலும் சுறுசுறுப்பு.

சதாசிவத்துக்கு வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, எண்ணெய் ஊற்றின மாதிரி எரிந்தது. காரும் வீடும் போனபோதுகூட இவ்வளவு இல்லை. அவை காசு உள்ளவன் வாங்குகிற சாமான். இது அவனுடைய கிறுக்கு, அவனுடைய அறிவு, அவன் மட்டும் கண்டுபிடித்த அழகு. மஹதி பக்கத்தில் உட்கார்ந்து, வேறொன்று கிடைக்கும் விடுங்கள் என்றாள். சனிக்கிழமை இரும்பு வாங்காதே என்று சொன்னவள் இவள்தானே என்று அவள்மேலும் எரிந்தது.

போனைக் கையில் எடுத்தான். உள்ளே மருந்து இருக்கிறது, தொடாதே என்று நாலு வார்த்தை. எழுதி முடித்து அனுப்பாமல் அழித்தான். ஏனென்றால் அவனுக்கு இன்னொன்று தோன்றிவிட்டது. வருகிற ஞாயிறு கிளப் நாள். மனோஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு புதுத் துப்பாக்கியோடு வருவான். சுடுமுன் கிளப்காரர்கள் கம்பியை விட்டுச் சோதிப்பது வழக்கம். மருந்து கெட்டித்த துப்பாக்கியையா வீட்டில் வைத்திருந்தாய், காரில் கொண்டுவந்தாய், உனக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்று முப்பது பேர் முன்னால் கேட்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மனோஜ் மூக்குடைபடுவதைப் பார்க்கலாம். தீக்குச்சி இல்லாமல் மருந்து என்ன செய்துவிடும், ஞாயிறுவரை பெட்டிக்குள்தானே இருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மூன்று நாள் அந்த நினைப்பே அவனுக்குச் சோறும் குழம்புமாக இருந்தது.

நடுவில் புதன்கிழமை ஆயுத பூஜை வருகிறது என்பதை மறந்துவிட்டான் பாவி.

புதன் சாயங்காலம் வேலை முடிந்து மஹதியோடு கிளென்ஃபீல்டு போய் ஷூவைக் கழற்றி உள்ளே நுழைந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். ஹாலில் மேஜைமேல் சிவப்புத் துணி விரித்து, இரண்டு லேப்டாப், கார் சாவி, சாந்தகுமாரியின் அரிவாள்மனை எல்லாம் வரிசையாக இருக்க, நட்டநடுவில் ரைஃபிள். குழலில் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். கட்டையில் சாமந்தி மாலை. மற்றவர் வீட்டில் ஆயுதம் என்று ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கும்பிடுகிறார்கள், நம் வீட்டில்தான் நிஜ ஆயுதம் என்று சாந்தகுமாரி பூரித்துப்போய்ச் சொன்னாள். மனோஜ் பாதுகாப்பாக போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்திருந்தான். சாதாரண ரைஃபிள் என்றால் போல்ட்டைக் கழற்றினால் குழல் வழியாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும், காலி என்று புரிந்துவிடும். இது பின்வாசல் மூடின குழல். போல்ட் இல்லாததால் அந்தக் கடுகு ஓட்டைதான் திறந்து கிடந்தது.

சுண்டல், பொரி, தேங்காய் எல்லாம் ஆயிற்று. கற்பூரம் காட்ட வேண்டும். இதற்கு எந்த இடத்தில் காட்டுவது என்று சாந்தகுமாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காருக்கு முன்னால் காட்டலாம், அரிவாள்மனைக்கு வாயில் காட்டலாம், துப்பாக்கிக்கு எங்கே? மனோஜ் பெருமையாகக் குனிந்து அந்த ஓட்டையைத் தொட்டுக் காட்டினான். இதற்கு உயிரே இங்கேதான் அத்தை, இதுவழியாகத்தான் நெருப்புப் போகும் என்றான். சதாசிவம் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் ஒன்று விடாமல் அப்படியே வந்தன. அப்படியானால் அங்கேயே ஏற்றிவிடலாம் என்று சாந்தகுமாரி ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து ஓட்டையை ஒட்டினாற்போல, போல்ட் ஓடுகிற பள்ளத்தில் வைத்தாள்.

புகை அலாரம் கத்தும் என்றான் சதாசிவம். இன்றைக்குக் கழற்றிவைத்தாயிற்று என்றாள் அபிதா. கற்பூரம் பட்டால் இரும்பு கறுத்துவிடும், தட்டில் வைத்துக் காட்டுங்கள் என்றான். மனோஜ் சிரித்தான். "பரவால்லண்ணே, கறுத்தா என்னோடதுதானே கறுக்கும்."

என்னோடது. அந்த ஒரு சொல் போய்ச் சதாசிவத்தின் வாயை அடைத்தது.

மனோஜும் அபிதாவும் படத்துக்காக மேஜையின் அந்தப் பக்கம் போய்க் கைகூப்பி நின்றார்கள். மாமா நன்றாக எடுப்பார் என்று போனை அவன் கையில் கொடுத்தாள் அபிதா. போன் திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது, குழலின் வாய் நேராக மனோஜின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாந்தகுமாரி அடுப்புப் பற்றவைக்கிற நீள லைட்டரைக் கற்பூரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தட்டினாள்.

பற்றவில்லை.

சதாசிவம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். மஹதி கேட்பாள். சாந்தகுமாரி இரண்டாவது தடவை தட்டினாள். பொறி மட்டும் வந்தது. அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. திரையில் சகலையின் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாவது தட்டில் லைட்டர் எரிந்தது, கற்பூரம் பிடித்துக்கொண்டது. போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்தினான் சதாசிவம். தோல் பொசுங்கியது. கையை எடுக்காமலே மறுகையால் குழலை வெற்றுச் சுவர்ப்பக்கம் தள்ளித் திருப்பினான். மாலை கீழே விழுந்தது.

"உள்ளே மருந்து கெட்டிச்சிருக்கு. குண்டும் இருக்கு."

ஒருத்தரும் நம்பவில்லை. போல்ட்டையே கழற்றியாயிற்றே என்றான் மனோஜ், இன்னும் பாதிச் சிரிப்போடு. சதாசிவம் ஈரத் துணியை ஓட்டையில் அழுத்திவிட்டு, ஒதுங்கி நின்று கம்பியைக் குழலுக்குள் விட்டான், கட்டைவிரலை வைத்தான், இழுத்து மேலே கிடத்தினான். இரண்டரை விரற்கடை. கம்பி நின்ற இடத்தையும் தான் நின்ற இடத்தையும் மனோஜ் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டான். அபிதா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

யாரோ ஒருவர் கேட்கத்தான் வேண்டியிருந்தது. மஹதி கேட்டாள். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இப்போதுதான் சந்தேகம் வந்தது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல பொய்தான். எல்லோரும் நம்பியிருப்பார்கள், காப்பாற்றினவன் என்று காலைக்கூடத் தொட்டிருப்பார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் தட்டு தாழ்ந்திருக்கும். உள்ளங்கை எரிச்சலோ என்னமோ, அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

"சனிக்கிழமையே தெரியும்" என்றான். "ஞாயித்துக்கிழமை கிளப்ல நாலு பேர் முன்னாடி நீ அவமானப்படணும்னு சொல்லாம இருந்தேன் மனோஜ். எனக்கு வயித்தெரிச்சல். காருக்கு எரிஞ்சது, வீட்டுக்கு எரிஞ்சது, இதுக்கும் எரிஞ்சது."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே அண்ணே என்று மட்டும் சொன்னான் மனோஜ். அவன் நிஜமாகவே கொடுத்திருப்பான் என்பது சதாசிவத்துக்குத் தெரியும், அதுதான் கூடுதலாகச் சுட்டது.

லைட்டரின் அந்த முதல் இரண்டு தட்டல்களைப் பற்றிச் சதாசிவம் சொல்லவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

ரைஃபிளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், ஆளில்லாத மண்மேட்டைப் பார்த்துச் சாய்த்துவைத்து, ஓட்டைவழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மருந்தை ஊறப்போட்டான். குண்டை எடுக்கக் காலையில் துப்பாக்கி பழுதுபார்க்கிறவரை வரச்சொல்லிக் கிளப்புக்குப் போன் செய்தான். எல்லாம் முடித்து அவன் திரும்பும்போது சாந்தகுமாரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் உப்பும் வரமிளகாயும். கீழே ஐந்து ஜோடிச் செருப்பும் ஷூவும் கிடந்தன. அவள் குனிந்தாள், சதாசிவத்தின் ஷூவுக்கு நேரே கையைக் கொண்டுபோனாள், தொடாமல் நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள், மறுபடி நிமிர்ந்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

சதாசிவம் உட்கார்ந்து, வெந்த கையால் தன் ஷூவை எடுத்துக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினான். கொஞ்சம்தான் வந்தது. மற்றொன்றையும் எடுத்துச் சுரண்டினான்.

"கையை நீட்டுங்க அத்தை" என்றான்.

அவள் நீட்டினாள். மண்ணைப் போட்டான். வேண்டாம் மாப்பிள்ளை என்று அவள் சொல்லவில்லை. விரல்களை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

மனோஜையும் அபிதாவையும் கிழக்கே பார்த்து உட்காரவைத்து மூன்று தடவை சுற்றினாள். பின்பக்கத் தளத்தில் பார்பிக்யூ அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது, அதில் கொண்டுபோய்க் கொட்டினாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் சுருண்டு, கறுத்து, பற்றிக்கொண்டது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். மஹதி அவனைவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். சதாசிவம் அடுப்பின் மேலேயே குனிந்து மூச்சை இழுத்தான். திறந்தவெளி, காற்று வீசுகிறது, நெடி எப்படி நிற்கும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று பார்த்தான். யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு இருமல், தன் தொண்டையிலிருந்தாவது ஒன்று வந்துவிடாதா என்று இன்னொரு தடவை நெஞ்சு நிறைய இழுத்தான்.

மிளகாய் எரிந்து சாம்பலானது. யாரும் இருமவில்லை.